மூட்டு அழற்சி உள்ள பிள்ளைக்கு பி.பி. ஏன் ஏறுகிறது?

முட்டி வீங்கி மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் ஒரு பிள்ளைக்கு ‘பி.பி. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு’ என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும். கோத்தகிரியோ கொடைக்கானலோ, வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று விளக்கங்கள் வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு ஏது பி.பி., மெஷின் கோளாறாக இருக்கும் என்பார் ஒருவர். மலை உயரமும் குளிரும்தான் காரணம் என்பார் இன்னொருவர். எல்லாம் அந்த ஸ்டீராய்டு மாத்திரை செய்த வேலை, இன்றோடு நிறுத்து என்பார் மூன்றாமவர். முதல் இரண்டும் பெரும்பாலும் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

எந்த மூட்டு நோயைப் பேசுகிறோம்

16 வயது முடிவதற்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு வீக்கத்தைக் குழந்தைப் பருவ மூட்டு அழற்சி என்கிறார்கள். மருத்துவச் சீட்டில் ஜே.ஐ.ஏ. என்று எழுதியிருக்கும். அழற்சி என்றால், உடலின் எதிர்ப்பு சக்தி எதையாவது தாக்கும்போது அந்த இடத்தில் வரும் வீக்கமும் சூடும் வலியும். இங்கே அது தாக்குவது பிள்ளையின் சொந்த மூட்டின் உள்ளுறையை. தாத்தா பாட்டிக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மலைக் குளிரில் காலை விறைப்பு கூடுதலாகத் தெரியலாம். ஆனால் குளிர் இந்த நோயை உண்டாக்குவதில்லை.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓடையில் மோட்டார். அங்கிருந்து குழாய் மேலேறி, பாத்திகளில் நிற்கும் ஸ்பிரிங்க்ளர்களுக்குத் தண்ணீர் போகிறது. குழாய்க்குள் அழுத்தம் ஏற நான்கு வழிகள் உண்டு: மோட்டார் வேகமாக ஓடலாம்; குழாய்க்குள் தண்ணீர் அளவு கூடலாம்; ஸ்பிரிங்க்ளர் துளைகள் சுருங்கலாம்; பழைய குழாய் இறுகி, நெகிழ்ந்துகொடுக்காமல் போகலாம்.

உடலில் மோட்டார் இதயம், தண்ணீர் ரத்தம், ஸ்பிரிங்க்ளர் துளைகள் நுண்ணிய ரத்தக்குழாய்கள். தோட்டத்தில் இல்லாத ஒன்று உடலில் உண்டு: சிறுநீரகம். எவ்வளவு உப்பையும் நீரையும் உள்ளே வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியே தள்ளுவது என்று நாள் முழுதும் கணக்குப் பார்ப்பது அது. இந்தப் பிள்ளைகளின் பி.பி. கதை பெரும்பாலும் சிறுநீரகத்தின் கதைதான்.

பி.பி. அளவில் இரண்டு எண் இருக்கும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நொடியில் இருப்பது மேல் அளவு. அடுத்த துடிப்புக்கு முன் ஓய்வில் இருப்பது கீழ் அளவு. அலகு மில்லிமீட்டர் பாதரசம். இனி இந்தக் கட்டுரையில் 108/72 என்று வந்தால் அதைத்தான் சொல்கிறோம்.

சுருக்கமாக: ரத்தத்தின் அளவு கூடினாலும், குழாய்கள் சுருங்கினாலும் இறுகினாலும், இதயம் வேகம் எடுத்தாலும் பி.பி. ஏறும். மருந்தோ நோயோ இவற்றில் எதைத் தொடுகிறது என்பதே கேள்வி.

மலை உயரமா காரணம்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. வெளியே காற்று குறைந்தால் உள்ளே ரத்தம் பிதுங்கும் என்று நினைப்பது தவறு. பி.பி. கருவி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் ரத்த அழுத்தத்தை அளக்கிறது. சமவெளியிலிருந்து புதிதாக மேலே வருகிறவருக்குச் சில நாட்கள் பி.பி. சற்று ஏறி இருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டு அலட்சியமாக இருக்க முடியாது.

குளிர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த நேரத்துக்கு அளவு ஏறும். ஜனவரி காலையில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் எடுத்த அளவை நம்பி யாரும் மருந்து தொடங்கக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண்ணின் உள்ளேயும் அழற்சியை உண்டாக்கும். அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார்கள். கண் டாக்டர் ‘பிரஷர் ஏறியிருக்கு’ என்றால் அது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம், பி.பி. அல்ல. இரண்டுக்கும் தனித்தனி மருந்து.

மருந்துகள் செய்யும் வேலை

முதலில் ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன்தான் அதிகம் தரப்படுவது. நம் உடலே காலையில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் வேலையை இது செய்கிறது, ஆனால் பல மடங்கு வலுவாக. அழற்சியை வேகமாக அடக்கும். கூடவே சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்யும். உப்பு இருக்கும் இடத்தில் நீரும் தங்கும், ரத்த அளவு கூடும். அதோடு ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மற்ற ஹார்மோன்களின் பேச்சை அந்தக் குழாய்கள் கூடுதலாகக் கேட்க ஆரம்பிக்கும். பசியும் தாறுமாறாக ஏறும், எடை கூடும், அது தனியாக ஒரு சுமை. அளவு அதிகமாகவும் நாட்கள் நீண்டும் போகப் போக இந்த விளைவுகள் கூடும். வீங்கிய மூட்டுக்குள் நேரடியாகப் போடும் ஸ்டீராய்டு ஊசியில் பெரும்பகுதி அங்கேயே நிற்பதால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

அடுத்து வலி மாத்திரைகள்: நாப்ராக்சென், ஐபுபுரூஃபென், இண்டோமெதாசின் போன்றவை. உடலில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களை விரித்து வைத்து, உப்பை வெளியேற்ற உதவுகிறது. மூட்டுக்குக் கிடைக்கும் லாபத்துக்கு சிறுநீரகம் கொஞ்சம் விலை கொடுக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தாங்கக்கூடிய விலை. டாக்டர் எழுதிய நாப்ராக்செனோடு, இரவில் வலி தாங்காமல் கடையில் வாங்கிய ஐபுபுரூஃபெனோ டைக்ளோஃபினாக்கோ சேரும்போதுதான் கணக்கு தப்புகிறது. இவை எல்லாம் ஒரே வகை. இடையில் வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சில பிள்ளைகளுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின், சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சுருக்கி பி.பி.யை ஏற்றும். லெஃப்லுனோமைடும் ஏற்றக்கூடும். வாரம் ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் பொதுவாக ஏற்றுவதில்லை. அது ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க வழி செய்வதால், சுற்றி வளைத்துப் பார்த்தால் பி.பி.க்கு நல்லதே செய்கிறது.

சீட்டில் எழுதாத மருந்துகளும் இருக்கின்றன. மலையில் இவற்றைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். சளிக்கு வாங்கும் மூக்கடைப்பு மருந்துகளில் ஃபினைல்எஃப்ரின் போன்றவை ரத்தக்குழாயைச் சுருக்கும். இருமலுக்கு வைக்கும் அதிமதுரக் கஷாயம் ஒரு நாள் இரண்டு நாளோடு நின்றால் பெரிய விஷயமில்லை. வாரக்கணக்கில் தினமும் கொடுத்தால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். உடலின் கார்ட்டிசால் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்காதபடி காக்கும் ஒரு நொதியை அதிமதுரம் முடக்குகிறது. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு இது ஏற்கெனவே எரிகிற அடுப்பில் விறகு.

லேபிள் இல்லாத ‘மூட்டுவலிப் பொடி’ பக்கமே போக வேண்டாம். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது நம் நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நீலகிரித் தைலத்தை மூட்டில் தடவுவதால் பி.பி. ஏறாது, உள்ளே நடக்கும் அழற்சியும் குறையாது. ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய் வேறு ரகம். அதில் இருப்பது ஆஸ்பிரின் குடும்பத்துப் பொருள். 5 மில்லி உள்ளே போனால் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கிய கணக்கு, சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள்.

நோயும் தன் பங்குக்கு

கட்டுக்குள் வராத அழற்சி ரத்தக்குழாய்ச் சுவர்களை மெல்ல இறுகச் செய்கிறது. வலியும் தூக்கமின்மையும் இதயத்தை வேகமாக ஓட வைக்கின்றன. மூட்டு வலியால் ஓடியாடாத பிள்ளைக்கு எடை கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் அழற்சி அடங்காமல் இருந்தால், அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கலாம். இன்றைய மருந்துகளால் இது அரிதாகிவிட்டது. இருந்தாலும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

அதாவது, மருந்து பி.பி.யை ஏற்றும், மருந்தில்லாமல் விட்ட நோயும் ஏற்றும். இரண்டுக்கும் நடுவே, நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த ஸ்டீராய்டு எவ்வளவு என்று தேடுவதுதான் டாக்டரின் வேலை.

பிள்ளைக்கு எவ்வளவு இருந்தால் அதிகம்?

120/80 நார்மல் என்பது பெரியவர்களுக்கான பாடம். 6 வயதுப் பிள்ளைக்கு 118/78 வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ‘120ஐத் தாண்டவில்லையே’ என்று அனுப்பிவிடுவது நடக்கிற தவறுதான்.

குழந்தைகளுக்கு ஒரே எண் கிடையாது. ஒரே வயது, ஒரே பால், ஏறக்குறைய ஒரே உயரம் உள்ள ஆரோக்கியமான 100 பிள்ளைகளை பி.பி. அளவுப்படி வரிசையில் நிறுத்தினால், 95ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளையின் அளவுதான் எல்லைக்கோடு. இந்த இடக்கணக்குக்கு சதமானம் என்று பெயர். 90ஆம் சதமானத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. 90க்கும் 95க்கும் நடுவே இருந்தால் கவனிக்க வேண்டும். 95ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, அதுவும் மூன்று தனித்தனி நாட்களில் அப்படியே இருந்தால், உயர் ரத்த அழுத்தம் என்று உறுதி செய்கிறார்கள். 13 வயதிலிருந்து கணக்கு எளிது: 120/80க்குக் கீழே இயல்பு, 130/80 முதல் உயர் அழுத்தம்.

அட்டவணை கையில் இல்லாதபோது, கவனிக்க வேண்டிய பிள்ளைகளை முதலில் சலித்தெடுக்கப் பயன்படும் ஓர் அளவும் உண்டு. இதைத் தொட்டால் முழு அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே பொருள். 6 வயதுக்கு 105/66, 10 வயதுக்கு 108/72, 12 வயதுக்கு 113/75. பெண் பிள்ளைகளுக்கு இதில் ஒரு புள்ளி கூடலாம்.

உயரத்தை ஏன் இழுக்கிறோம்? நீண்ட நாள் அழற்சியும் ஸ்டீராய்டும் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால், இந்தப் பிள்ளைகளில் பலர் வயதுக்குக் குள்ளம். 10 வயதுப் பையன்களில் மிகவும் குள்ளமானவனுக்கு மேல் அளவின் எல்லைக்கோடு 112. நல்ல உயரமானவனுக்கு 121. ஒன்பது புள்ளி வித்தியாசம். வயதை மட்டும் பார்த்து உயரத்தை விட்டுவிட்டால், கவனிக்க வேண்டிய பிள்ளையே கைநழுவிப் போகிறது. ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிறுத்தி உயரம் அளக்கச் சொல்லுங்கள். முட்டி முழுதாக நீளாத பிள்ளை என்றால் அதையும் குறித்துவைக்க வேண்டும்.

சரியாக அளப்பது: ஸ்வெட்டரில் தொடங்குகிறது

தவறான பி.பி. அளவுகளில் பெரும்பகுதி கைப்பட்டையால் வருகிறது. தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே கையின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். பட்டைக்குள் காற்று நிரம்பும் பையின் அகலம் அந்தச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம். கை சுற்றளவு 18 செ.மீ. என்றால் பை 7 செ.மீ.க்குச் சற்று மேல் அகலமும், 14.5 முதல் 18 செ.மீ. நீளமும் வேண்டும். பட்டை சிறியதானால் அளவு பொய்யாக ஏறும், பெரியதானால் பொய்யாக இறங்கும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய கருவியை 7 வயதுப் பேத்திக்குச் சுற்றி ‘நார்மல்தான்’ என்று நிம்மதி அடைவது இரண்டாவது வகைத் தவறு. ஸ்டீராய்டால் கை பருத்த பிள்ளைக்குப் போன வருஷத்துப் பட்டை இந்த வருஷம் சிறியதாகிவிடலாம்.

இனி ஸ்வெட்டர். அதன் மேல் பட்டையைச் சுற்றினால் அளவு தவறும். கையை மேலே சுருட்டிவிட்டால் அந்தச் சுருளே கையை இறுக்கிவிடும். ஒரு கையை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, மீதி உடம்பை சால்வையால் போர்த்திவிடுங்கள். அறை கதகதப்பாக இருக்கட்டும். அரை மணி நேரத்துக்கு முன் டீ கூடாது. தேயிலைத் தோட்டத்து வீடுகளில் பிள்ளைக்கும் கடும் டீ கொடுக்கும் பழக்கம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். ஏற்றத்தில் ஏறி வந்ததும் அளக்காமல், 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வையுங்கள். கால் தொங்கக் கூடாது, ஒரு பலகை போடலாம். கை, இதயத்தின் மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். பேச்சு வேண்டாம்.

வழக்கமாக வலது கை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே குறுகியிருந்தால் இடது கை பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால் இந்த விதி. ஆனால் வலது முழங்கையோ தோளோ வீங்கியிருக்கும் பிள்ளைக்குப் பட்டை இறுகும்போதே வலிக்கும், வலித்தால் பி.பி. ஏறும். வீக்கம் இல்லாத நாளில் இரண்டு கைகளிலும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுவிட்டால், பிறகு வலிக்காத கையில் எடுக்கலாம். எந்தக் கை என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

முதல் அளவு கூடுதலாக வந்தால் இன்னும் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். எலக்ட்ரானிக் கருவி கூடுதலாகவே காட்டினால், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பதறும் பிள்ளைக்கு, 24 மணி நேரம் கையில் கட்டிவிட்டு வீட்டிலேயே தானாக அளக்கும் கருவி உதவும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால்

சில வாரங்களுக்கு மேல் தினமும் ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளையின் அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்து வருகிறதே என்று தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி அது. திடீரென மாத்திரை நின்றால் அதனால் உடனே ஈடுகொடுக்க முடியாது. அப்போது பி.பி. அளவுக்கு மீறி இறங்கும். சோர்வு, வாந்தி, வயிற்று வலி, தலைசுற்றல், மயக்கம், சர்க்கரை இறக்கம். உயிரே போகலாம். காய்ச்சல் நாளிலோ அறுவை சிகிச்சையின்போதோ வழக்கத்தைவிடக் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படும். எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள்.

பி.பி.யை ஏற்றியது ஸ்டீராய்டுதான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவும் நோயை அடக்க வேறு மருந்து கைகொடுத்த பிறகு.

ஏறிய பி.பி.யை இறக்க

உப்பு முதலில். பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, சுமார் ஒரு டீஸ்பூன். பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. வீட்டுக் கணக்கைச் சோதிக்க ஒரு வழி: நான்கு பேர் வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்ந்தால் தலைக்குத் தினமும் 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், நூடுல்ஸ் மசாலா எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் எனலாப்ரில் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. கொடைக்கானல் மலைப்பூண்டை ரசத்தில் தாராளமாகப் போடுங்கள், பி.பி. மாத்திரைக்கு அது மாற்று அல்ல.

மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் அம்லோடிபின் அல்லது எனலாப்ரில். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். மூட்டு நோய் திரும்பிவிட்டது என்று பதறுமுன் அழுத்திப் பாருங்கள்: இரண்டு காலிலும் வலியில்லாமல், விரல் வைத்தால் குழி விழுந்தால் மருந்தின் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் சூடாக, காலையில் விறைத்து, அசைத்தால் வலித்தால் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், அதை மலைச் சளி என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவதுண்டு.

வலி மாத்திரையும் எனலாப்ரிலும் ஒன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு வாந்தி பேதி வந்தால் சிறுநீரகத்துக்கு இரு பக்க இடி. அந்த நாளில் எவற்றை நிறுத்தி வைப்பது என்று முன்பே கேட்டு வையுங்கள். ஸ்டீராய்டு அந்தப் பட்டியலில் வராது. மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் ஊசியாகவாவது போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள், காட் ரோட்டுக்கான ஏற்பாடு

பி.பி. ஏறினால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் அளக்கிறோம். கடுமையான தலைவலியோடு வாந்தி, கண் மங்கல், வலிப்பு, குழப்பம், மூச்சுத் திணறல், முகம் உப்பி சிறுநீர் குறைவது, சிறுநீர் கோலா நிறத்தில் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. 108ஐக் கூப்பிடுங்கள்.

கோவைக்கோ மதுரைக்கோ மூட்டு நோய் டாக்டரைப் பார்க்க விடியற்காலை கிளம்பும் நாளில் பி.பி. மாத்திரையைக் கொடுக்க மறந்துவிடுவார்கள். அங்கே அளவு ஏறியிருக்கும், மருந்தைக் கூட்டி எழுதிவிடுவார்கள். மாத்திரையைக் கொடுத்தே கிளம்புங்கள்; கொடுக்கவில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். குன்னூர் இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தால், மாத்திரை கொடுத்து எத்தனை நிமிடமாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கொடுக்க வேண்டுமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் ஊர்களில் ஸ்டீராய்டும் பி.பி. மாத்திரையும் எப்போதும் குறைந்தது இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வேண்டும். கடைசி அட்டையைப் பிரித்த பிறகு வாங்கப் போவது என்றால் தாமதம்.